அடியெல்லாம் காராட்

என் காதுகள் இரண்டும் ஏறக்குறைய ஒரு வருஷம் தென்னை ஈர்க்கைச் சுமந்துகொண்டிருந்ததற்குக் காரணம் ஒரு கார். இதை எங்கே சொன்னாலும் கேட்பவர்கள் காரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள், காதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆகவே காரிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

அப்பா மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சுதந்திரம் வரப்போவது உறுதியானதும் தோட்டத்துத் துரை பெட்டி படுக்கையைக் கட்டினார். நாய்களை இன்னொரு துரைக்கும், பியானோவைக் கிளப்புக்கும், காரை அப்பாவுக்கும் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். நாய்களும் பியானோவும் பிற்பாடு என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. கார் சாம்பல் நிறம், உருண்டை முதுகு, இங்கிலாந்தில் செய்தது. செய்த கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அவர்கள்மேல் ஒரு குற்றமும் கிடையாது. குற்றமெல்லாம் துரையுடையது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காரைக் கடற்கரைக்கு ஓட்டிப் போய், அலை நனைத்த மணலிலேயே நிறுத்திவிட்டுக் குளித்துவிட்டு வருவது அவர் வழக்கம். அவர் குளித்தார், காரும் குளித்தது. துவட்டிக்கொண்டவர் அவர் மட்டுந்தான்.

அப்பாவும் அதோடு தோட்டத்தை விட்டார். மலாக்கா டவுனில் ஓர் ஆபீசில் கிராணி வேலை கிடைத்தது. காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடியேறினோம். கார் வைத்திருக்கிற கிராணி அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான் என்பதால், ஆபீசுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தைச் சுற்று வழியாகக் காரில் போனார்.

குடியேறிய கையோடு எனக்குக் காது குத்த ஏற்பாடாயிற்று. எனக்கு அப்போது ஏழு வயது. தோட்டத்திலிருந்தபோது ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப் போட்ட சடங்கு அது. மடியில் உட்காரவைக்கவும் முதல் தோடு போடவும் தாய்மாமன் வேண்டும். என் தாய்மாமன், அதாவது அம்மாவின் அண்ணன், தெங்கேராவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். இப்போது ஒரே டவுனுக்கே வந்துவிட்டதால் சாக்குச் சொல்ல வழியில்லை. மாரியம்மன் கோயிலில் நாள் குறித்தார்கள்.

நாங்கள் காரில் போய் இறங்கினோம். மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் தோடு இருந்தது. மடியில் உட்கார்ந்தேன், ஆசாரி குத்தினார், தேவையான அளவுக்கு அலறினேன். அதுவரைக்கும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. தோடு போடுவதற்கு முன்னால் காதில் கொஞ்சம் மஞ்சள் காயட்டும் என்று ஆசாரி சொல்ல, அந்த இடைவெளியில் மாமா என்னை இறக்கிவிட்டுவிட்டுக் காரைப் பார்க்கப் போனார். சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து கீழே பார்த்தார். சைக்கிள் கடைக்காரர் என்றால் துருவோடு தினமும் குடித்தனம் நடத்துகிறவர். நிமிர்ந்தபோது கோயில் வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"மாப்பிள்ளை, துரை போயிட்டாரு. துருவ விட்டுட்டுப் போயிட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிலேடை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்பாவுக்கு அன்று சிலேடை ரசிக்கிற மனநிலை இல்லை.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கிறவங்களுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும், மச்சான்?"

"குனிஞ்சு பாக்கத் தெரியும், மாப்பிள்ளை. அது போதும்."

"ஒரு பொட்டுத் துரு கிடையாது இந்த வண்டியில. உங்க தோடும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். தோடு வந்த பையிலேயே திரும்பிப் போயிற்று. குத்திய ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதே என்று அம்மா கோயில் தோரணத்தில் தொங்கிய தென்னங்கீற்றிலிருந்து ஈர்க்கு ஒடித்துச் செருகினார். முதல் தோடு தாய்மாமன்தான் போட வேண்டும் என்பதில் அம்மா உறுதி. தாய்மாமன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பதில் அப்பா உறுதி. இரண்டு உறுதிகளும் என் காதில் வந்து முடிந்தன. ஈர்க்கு காய்ந்து உடைய உடைய அம்மா வேறு ஈர்க்கு செருகிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'விளக்குமாறு' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அதற்கப்புறம் கிடைத்த பட்டங்கள் எதுவும் அவ்வளவு பொருத்தமாக அமையவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'துரு' என்ற சொல் தடை செய்யப்பட்டது. அம்மா தேங்காய் துருவும்போதுகூட என்ன செய்கிறேன் என்று சொல்லாமலே செய்தார்.

ஆனால் சொல்லைத் தடை செய்த மாதிரி பொருளைத் தடை செய்ய முடியவில்லை. நாலைந்து மாதத்தில், முன்சீட்டில் அம்மா கால் வைக்கிற இடத்தில் தெரு தெரிய ஆரம்பித்தது. மழைநாளில் பள்ளத்தில் இறங்கினால் தண்ணீர் உள்ளே பீய்ச்சியடிக்கும். அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதங்களையும் மேலே எடுத்துக்கொள்வார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, கிராணி சம்சாரம் காரில் சம்மணம் போட்டுப் போகிற ஒய்யாரமாகத் தெரிந்திருக்கும்.

கடைசியில் அப்பா அடுத்த கம்பத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் சிட்டி சமூகத்தவர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறித் தமிழை மறந்துவிட்ட இந்துக்களில் ஒருவர். நெற்றியில் விபூதி, கழுத்தில் உருத்திராட்சம், முகம் எங்கள் பெரியப்பாவை உரித்துவைத்த மாதிரி. வாயைத் திறந்தால் மலாய். தோட்டத்திலிருந்து வந்திருந்த எனக்கு மலாயில் பத்துச் சொல்கூடத் தெரியாது. விபூதி வைத்தவர் பேசுவது தமிழாகத்தான் இருக்க வேண்டும், எனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துக் கவனமாகக் கேட்டேன். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஸ்பானரால் ஒவ்வோர் இடமாகத் தட்டினார். சில இடம் 'டங்' என்றது. பல இடம் 'பொத்' என்றது. ஓர் இடம் சத்தமே போடாமல் ஸ்பானரை உள்ளே வாங்கிக்கொண்டது. மண்ணைத் தட்டிக்கொண்டே வெளியே வந்து, ஒரு மரணச் செய்தியைச் சொல்கிறவர்போலத் தணிந்த குரலில் சொன்னார்:

"பாவா செமுவா காராட், கெராணி."

அடியெல்லாம் துரு என்று அர்த்தம். மலாயில் துருவுக்குக் காராட் என்று பெயர். இந்த விவரம் எனக்குத் தெரிய இன்னும் ஏழு வருஷம் இருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த காரட் ஒன்றே ஒன்றுதான். அம்மா தன் சங்கிலியைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லும்போதெல்லாம் "இருபத்திரண்டு காரட்" என்பார். மெக்கானிக் சொன்ன வாக்கியத்தில் எனக்குப் புரிந்த ஒரே சொல் அது. காருக்குக் கீழே தங்கம் இருக்கிறது!

சந்தேகம் வரவேண்டிய இடத்தில் அப்பாவே அதைத் தீர்த்துவைத்தார். தடை செய்யப்பட்ட சொல்லுக்குப் பதிலாக இப்படி ஒரு சொல் கையில் கிடைத்ததும் அதையே பிடித்துக்கொண்டார். அன்று மதியம் சாப்பிடும்போது அம்மா கேட்டார்:

"எவ்வளவுதாங்க இருக்குமாம்?"

"தோண்டத் தோண்ட வருதாம்."

"ஐயையோ. என்ன செய்யப் போறீங்க?"

"மறைச்சு வைக்கணும். காராட் இருக்குன்னு வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. முக்கியமா தெங்கேராவுக்குத் தெரியக் கூடாது."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துரைமார்கள் ஊரைச் சுரண்டித் தங்கமாகச் சேர்த்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்லியிருந்தார். எங்கள் துரை அதைக் காருக்கு அடியில் ஒட்டிவைத்திருக்கிறார், கப்பலேறும் அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டார். என் பிற்கால வாழ்க்கையில் நான் எவ்வளவோ தவறான முடிவுகளுக்கு வந்திருக்கிறேன். எதற்கும் இவ்வளவு நல்ல ஆதாரம் இருந்ததில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கோணிச் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போய்விடுவார். தோட்டத்தில் நூறு பேரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டவருடைய பாதங்கள் இரண்டு மட்டும் தெருவுக்குத் தெரியும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவார், மண்ணெண்ணெயால் துடைப்பார், சிவப்புச் சாயம் அடிப்பார். அம்மாவின் பாதங்கள் தொங்குகிற இடத்துக்கு பிஸ்கட் டின்னின் மூடியை வெட்டி வைத்து அறைந்தார். அதில் சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் குழந்தையின் முகம் மேல்பக்கமாக அமைந்துவிட்டது. அம்மா அதன்மேல் கால்வைக்கக் கூசி, மறுபடியும் பாதங்களைத் தூக்கிக்கொண்டார்.

சுரண்டும்போது தகடு தகடாகக் கீழே விழும். பழுப்பு நிறம், நகத்தளவு, சிலது வெற்றிலைக் காம்பு நீளம். சுத்தம் செய்யாத தங்கம் பார்ப்பதற்கு மட்டமாகத்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, நல்ல துண்டாக ஐந்தாறு பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் பத்திரப்படுத்தினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஈ காக்காயில் நானும் சேர்த்தியா என்று தெரியாததால்.

இப்படி இருக்கும்போதுதான் என் அக்காவுக்குக் கடிதம் வந்தது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஜொகூரில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாத முதல் தேதி நேரில் வந்து சேர வேண்டும். கட்ட வேண்டிய கட்டணத்தோடு வெள்ளைச் சீருடை, வெள்ளைச் சப்பாத்து, டிரங்குப் பெட்டி, நொடி முள் உள்ள கைக்கடிகாரம் எல்லாம் கொண்டு வர வேண்டும். அக்கா கடிதத்தை மடித்து மடித்து விரித்ததில் மடிப்பு கிழிந்துபோயிற்று. தேதி தவறினால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அம்மாவின் சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போய்விட்டது, வீட்டில் விற்கக்கூடிய பொருள் கார் ஒன்றுதான். விற்க முடியாத பொருளும் அதுதான்.

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் குனிந்து பார்த்துவிட்டு, வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது ஆள் குனியவில்லை. ஏறி உட்காரக் கதவோரம் கால் வைத்தார், வைத்த கால் உள்ளே போய்விட்டது. சப்பாத்தை மீட்டுக்கொண்டு அவரும் போனார்.

அம்மா ஒரு வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தெங்கேரா போனார். திரும்பி வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் வண்டிய வாங்கிக்கிறேன்னு சொல்லுது" என்றார்.

பணத்தைச் சும்மா கொடுத்தால் அப்பா வாங்கமாட்டார், கைமாற்றாகவும் கேட்கமாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. தாராளமா குனிஞ்சு பாக்கச் சொல்லு. ஒரு பொட்டு இருந்தா வாங்க வேணாம்."

இப்படிச் சொல்லிவிட்டு ரோட்டு வேலை நடந்த இடத்திலிருந்து ஒரு வாளி தார் கேட்டு வாங்கி வந்தார். அது மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு முந்தின சில வாரங்கள். ஊர் முழுக்கச் சுவர்களுக்கு மேலே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் வீட்டில் மட்டும் கீழே தார் அடித்துக்கொண்டிருந்தோம். சிவப்புச் சாயம், டின் மூடி, ஓட்டை, ஓட்டையின் விளிம்பு எல்லாம் ஒரே கறுப்பாகின. பார்க்க மிகவும் கௌரவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தார் உருகிச் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. அப்பா ஒவ்வொரு சொட்டின்மேலும் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தபோது மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். சட்டைப் பையில் இந்தமுறை தோடு இல்லை. ஒரு ஸ்குருடிரைவர் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு வாசல் படியில் நின்றார். அம்மா கோப்பித் தட்டோடு கதவோரம் நின்றார். சன்னலுக்குப் பின்னால் அக்கா கடிதத்தோடு நின்றாள். மாமா காரைச் சுற்றி வந்தார், முன்பு கோயிலில் சுற்றிய மாதிரியே. பின்பக்கம் வந்ததும் சாக்கின்மேல் ஒரு முட்டியை ஊன்றி, ஸ்குருடிரைவரைக் கையில் எடுத்தார். ஒரு குத்துக் குத்தினால் போதும். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் தங்கம் இன்னும் கொஞ்ச நேரத்தில் மாமாவுடையதாகப் போகிறது, எனக்கு ஒரு குந்துமணிகூட மிஞ்சப் போவதில்லை என்பதுதான். ஓடிப்போய் அவர் பக்கத்தில் குந்தினேன்.

"மாமா, ஒண்ணு சொன்னா அப்பாகிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"சொல்லு தாயி."

"அடியெல்லாம் காராட் இருக்கு மாமா. தோண்டத் தோண்ட வருதாம். அப்பா தார் பூசி மறைச்சிருக்காரு." தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். "எல்லாம் நீங்களே எடுத்துக்குங்க. எனக்கு இதுல ஒரு தோடு மட்டும் செஞ்சு தருவீங்களா?"

மாமா தீப்பெட்டிக்குள் பார்த்தார். பிறகு என் காதைப் பார்த்தார். ஈர்க்கு அன்று ஒரு காதில் உடைந்து பாதிதான் இருந்தது. ஸ்குருடிரைவரை மெதுவாகச் சட்டைப் பையில் திரும்ப வைத்தார். தீப்பெட்டியையும் மூடி அதே பையில் போட்டுக்கொண்டார். எழுந்து நின்றார்.

"தார் பூசியிருக்கீங்க போல, மாப்பிள்ளை. மழைக்கு நல்லது."

"குனிஞ்சு பாக்கலையா?" என்றார் அப்பா.

"முட்டி வலிக்குது. முன்ன மாதிரி குனிய முடியல."

தெங்கேராவிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர் சொன்னார், அப்பா அதைக் கேட்டுக்கொண்டார். அம்மா இரண்டு பேருக்கும் கோப்பி கொடுத்தார். அப்பா பாதி குடித்ததும், "சீனி போதுமா மச்சான்?" என்று கேட்டார். ஒரு வருஷத்துக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசிய முதல் விஷயம் அதுதான் என்று அம்மா பிற்காலத்தில் சொல்வதுண்டு.

மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் அப்பாவே ஓட்டிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மாமா முன்னால் சைக்கிளில், அப்பா பின்னால் காரில், சைக்கிளின் வேகத்தில், தெங்கேராவரைக்கும். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். அக்கா முதல் தேதி வெள்ளைச் சப்பாத்தோடு ஜொகூருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அந்தக் கார் அதன்பின் ஓடவேயில்லை. கடைக்குப் பின்னால் நான்கு செங்கல் அடுக்குகள்மேல் நின்றது. உள்ளே பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார் மாமா. போகும்போதெல்லாம் நான் கீழே எட்டிப் பார்ப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. மாமா ரகசியமாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். நாலு வருஷம் கழித்துக் கடையை அவர் பெரிதாக்கியபோது, எப்படி முடிந்தது என்று ஊரார் வியந்தார்கள். நான் வியக்கவில்லை. எங்கள் தங்கம் அல்லவா என்று மனசுக்குள் கொஞ்சம் பொருமினேன். பிறகு பதினாலாவது வயதில் மலாய் வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் ஓர் ஆணியை வரைந்து, இரும்பில் பிடிப்பது 'காராட்' என்று எழுதிப் போட்டபோது, வகுப்பில் ஒருத்தி மட்டும் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதெல்லாம் பின்னால் வந்தது. மெர்டேக்காவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமா மறுபடியும் வீட்டுக்கு வந்தார். சைக்கிளின் முன்னால் காகிதக் கொடி ஒன்று படபடத்தது. நாற்காலியில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு எட்டு வயது, கால் தரையில் இடித்தது. சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார், அதே தீப்பெட்டி. உள்ளே சிவப்புக் காகிதத்தில் இரண்டு தோடுகள் இருந்தன.

"நீ கொடுத்ததுலதான் தாயி செஞ்சது. பத்தர் ரொம்ப நல்ல காராட்டுன்னு சொன்னாரு."

ஈர்க்கை உருவி எறிந்துவிட்டுத் தோட்டைப் போட்டுத் திருகினார். அம்மா அடுப்பைப் பார்க்க உள்ளே போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆபீசிலிருந்து வந்த அப்பா, வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "வாங்க மச்சான்" என்றார். நான் தலையைத் திருப்பி இரண்டு காதையும் காட்டினேன். அவர் பக்கத்தில் வந்து, என் காது மடலைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, ஆபீஸ் கடுதாசி படிப்பவர்போல நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மாமாவைப் பார்த்துச் சொன்னார்:

"துரு இல்ல மச்சான்."

ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல். மாமா தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

தங்கம் எங்கேயாவது துருப்பிடிக்குமா, இவ்வளவு பெரிய கிராணிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அப்பாவுக்காக நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.